கம்யூனிட்டி காலேஜ் நர்சிங் படிப்பு: ஃபீஸைவிட வருடங்களுக்குத்தான் விலை அதிகம்

கேள்வி கேட்ட தங்கைக்கு 36 வயது. கோவையில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்தவர். டெக்சஸில் பிரிஸ்கோவில் குடும்பம், கிரீன் கார்டு வந்துவிட்டது. கணவருக்கு ஐ.டி. வேலை, வருடம் சுமார் ஒன்றரை லட்சம் டாலர். பிள்ளைகள் இருவரும் எலிமென்டரி ஸ்கூலில். இவரும் அங்கேயே டீச்சர் எய்டாக இருக்கிறார், வருடம் 24 ஆயிரம். கட்டணம் குறைந்த உள்ளூர் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட ஏ.டி.என். (அசோசியேட் டிகிரி நர்சிங்) படித்து ஆர்.என். (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) ஆகலாமா, போடுகிற பணம் திரும்ப வருமா, இல்லை தனியார் கல்லூரியில் வேகமாக பி.எஸ்.என். என்ற நர்சிங் இளங்கலைப் பட்டம் வாங்கிவிடுவது மேலா என்று கேட்டிருக்கிறார். நான் டெக்சஸ் மருத்துவமனை வார்டில் ஆர்.என். ஆகப் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது நர்சிங் மாணவர்களைக் கிளினிக்கலுக்கு (மருத்துவமனையில் நேரடிப் பயிற்சிக்கு) அழைத்துப்போகும் வேலையும் பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: படியுங்கள். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் கணக்கில் பெரிய தொகை ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

முதலில் பலர் மனதில் இருக்கும் சந்தேகம்: இரண்டு வருடப் படிப்பு என்றால் அரைகுறை நர்ஸா? இல்லை. ஏ.டி.என். படித்தவரும் நான்கு வருட பி.எஸ்.என். படித்தவரும் எழுதுவது ஒரே என்க்லெக்ஸ் பரீட்சை, வாங்குவது ஒரே ஆர்.என். லைசென்ஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் நர்ஸ் பஞ்சம் வந்தபோது, கொலம்பியா பல்கலைக்கழக டீச்சர்ஸ் காலேஜில் இருந்த மில்ட்ரெட் மான்டாக் 1951-ல் முன்வைத்த யோசனை இது. அவர் நினைத்தது, பட்டம் பெற்ற நர்ஸுக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரு தனிப் பிரிவு. லைசென்ஸ் பரீட்சை இரண்டு தரப்புக்கும் ஒன்றாகவே அமைந்ததால் அந்தப் பிரிவினை காகிதத்தோடு நின்றுவிட்டது. பட்டம் கட்டாயமாக வேண்டும் என்று அமெரிக்க நர்சுகள் சங்கம் 1965-லேயே அறிவித்தது. வடக்கு டகோட்டா மட்டும் சில வருடம் அதைச் சட்டமாக வைத்திருந்து 2003-ல் கைவிட்டது. ஆகவே “ஏ.டி.என்.னையே எடுத்துவிடப்போகிறார்களாமே” என்ற பேச்சுக்குப் பயந்து முடிவெடுக்க வேண்டாம்.

இப்போது செலவு. டெக்சஸ் கம்யூனிட்டி காலேஜில் கட்டணம், நீங்கள் எந்த காலேஜ் டிஸ்ட்ரிக்டுக்குச் சொத்து வரி கட்டுகிற பகுதியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிஸ்கோவுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊரின் ஒரு பாதி காலின் கவுண்டி, மறு பாதி டென்டன் கவுண்டி. அந்தப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜான காலின் காலேஜுக்கு காலின் கவுண்டிக்காரர் கட்டுவது ஒரு ரேட், வெளிக் கவுண்டிக்காரர் கட்டுவது வேறு ரேட். ஊர் பெயரை நம்பாமல் உங்கள் சொத்து வரி ரசீதையோ, வாடகை வீடென்றால் லீஸில் உள்ள முகவரியின் கவுண்டியையோ பாருங்கள். ஒரு கிரெடிட்டுக்கு (பாட அலகுக்கு) நூறு டாலர் என்று தாராளமாக வைத்தாலும், முன்பாடங்களோடு (நர்சிங்கில் சேருமுன் முடிக்க வேண்டிய பாடங்களோடு) சேர்த்து 65 கிரெடிட்டுக்கு 6,500 டாலர்தான் ஆகும். நாடு முழுக்கப் பார்த்தாலும் உள்ளூர்க்காரருக்குக் கம்யூனிட்டி காலேஜின் சராசரிக் கட்டணம் 2024-25-ல் வருடம் 4,050 டாலர். கலிஃபோர்னியாவில் யூனிட்டுக்கு 46 டாலர்.

அதன்மேல் சில்லறைச் செலவுகள் வரும்: நுழைவுத் தேர்வான டீஸ் அல்லது ஹெசி, புத்தகம், ஆன்லைன் பயிற்சித் தொகுப்பு, யூனிஃபார்ம், ஸ்டெதஸ்கோப், தடுப்பூசிகள், பின்னணிச் சோதனை, போதைமருந்துச் சோதனை, பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) சான்றிதழ், கடைசியில் என்க்லெக்ஸுக்கு 200 டாலர், மாநில நர்சிங் போர்டு கட்டணம், மூன்று ஊர் தள்ளி இருக்கும் மருத்துவமனைக்குப் போய்வர பெட்ரோல். எல்லாம் சேர்த்து 4,500 என்று வையுங்கள். ஆக மொத்தம் 11,000. நீங்கள் எழுதியிருந்ததும் கிட்டத்தட்ட இதே தொகைதான்.

விட்டுப்போனது உங்கள் சம்பளம். முன்பாடங்களை வேலையில் இருந்துகொண்டே மாலையிலும் ஆன்லைனிலும் முடித்துவிடலாம். நர்சிங் பாடம் தொடங்கிய பிறகு இரண்டு வருடம் பள்ளி வேலை நேரத்தோடு ஒத்துப்போகாது. 24 ஆயிரத்தில் ஃபெடரல் வரியும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் போக உங்கள் கைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 17 ஆயிரம். ஏனென்றால் கணவர் சம்பளத்தின் மேல் வந்து உட்காரும் உங்கள் சம்பளத்துக்கு முதல் டாலரிலிருந்தே 22 சதவீத வரி, அதோடு 7.65 சதவீதப் பிடித்தம். இரண்டு வருடத்துக்கு 34 ஆயிரம் போகிறது. கிளினிக்கல் நாட்களில் காலை ஆறே முக்காலுக்கு வார்டில் நிற்க வேண்டும். பிள்ளைகளை எழுப்பி, கிளப்பி, பஸ் ஏற்றிவிட ஆள் வேண்டும், மாலையில் ஆஃப்டர் ஸ்கூல் வேண்டும். அதற்கு ஒரு பத்தாயிரம். இப்போது கூட்டினால் 55 ஆயிரம். காலேஜுக்குக் கட்டும் பணம் இதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

வருமானப் பக்கத்துக்கு வருவோம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி ஆர்.என். சம்பளத்தின் மீடியன் (நடு மதிப்பு) வருடம் 93,600 டாலர். இந்த எண்ணைத்தான் எல்லா காலேஜ் விளம்பரமும் போடுகிறது. இதில் இருபது வருட அனுபவக்காரரும் இருக்கிறார், உங்களைப் போலப் புதிதாக வருபவரும் இருக்கிறார், சராசரியே 1,30,000-ஐத் தாண்டும் கலிஃபோர்னியாவும் இருக்கிறது. முதல் வருடத்துக்கு அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். டாலஸ் பக்கத்தில் புதியவருக்கு மணிக்கு 32 டாலர் என்று குறைத்தே போடுகிறேன். வாரத்துக்கு மூன்று 12 மணி நேர ஷிஃப்ட், 36 மணி. வருடத்துக்கு 1,872 மணி. கிட்டத்தட்ட 60 ஆயிரம். இரவு ஷிஃப்டுக்கு மணிக்கு நாலு டாலர் கூடுதல் கொடுத்தால் இன்னும் ஏழாயிரத்துச் சொச்சம், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 60 ஆயிரத்தில் முன்சொன்ன அதே வரியும் பிடித்தமும் போக 42 ஆயிரம் கைக்கு வரும். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லாதது நல்லது. நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

42-லிருந்து இப்போது வாங்கும் 17-ஐக் கழித்தால் 25 ஆயிரம். நர்சிங் படிப்பு உங்களுக்கு ஒவ்வொரு வருடமும் கூடுதலாகத் தருவது இந்த 25 ஆயிரம்தான், 93,600 அல்ல. 55-ஐ 25-ஆல் வகுத்தால் இரண்டு வருடத்துக்கும் சற்று மேலே. முன்பாடம் ஒரு வருடம், படிப்பு இரண்டு வருடம், லைசென்ஸும் வேலையும் கிடைக்கச் சில மாதங்கள், பிறகு போட்ட பணம் திரும்ப இரண்டு வருடத்துக்கு மேல். 42 வயதுக்குள் கணக்கு நேராகிவிடும். அதன்பின் இருபது வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்யலாம். பணத்தைப் பொறுத்தவரை இது மிக நல்ல முதலீடு, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இந்த 25 ஆயிரத்தை இன்னொரு விதமாகவும் பார்க்க வேண்டும். ஒரு வருடம் தாமதமானால் நீங்கள் இழப்பதும் அதே தொகைதான், அதாவது முழு காலேஜ் செலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கிரெடிட்டுக்கு முப்பது டாலர் குறைவு என்று ஒரு காலேஜைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு வருடம் இடத்துக்காகக் காத்திருந்தால் இரண்டாயிரத்தை மிச்சம் பிடித்து 25 ஆயிரத்தை விட்டவர் ஆவீர்கள். எந்தக் காலேஜ், எந்த வழி என்ற முடிவையெல்லாம் இந்தத் தொகையை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட தனியார் கல்லூரி பி.எஸ்.என்.னையும் இதிலேயே வைத்துப் பார்ப்போம். ஏற்கெனவே பட்டம் உள்ளவர்களுக்கான துரித பி.எஸ்.என். ஏறக்குறைய 16 மாதம். தனியாரில் 60 ஆயிரம் என்று வைப்போம். ஏ.டி.என்.னுக்கு 11 ஆயிரம், பிறகு வேலையில் இருந்துகொண்டு ஆன்லைனில் ஆர்.என்.-டு-பி.எஸ்.என். செய்ய ஒரு பத்தாயிரம், ஆக 21. வித்தியாசம் 39 ஆயிரம். துரித வழியில் எட்டு மாதம் முன்னதாகச் சம்பளம் தொடங்குகிறது, அதன் மதிப்பு 28 ஆயிரம். ஆகவே ஏ.டி.என். வழி 11 ஆயிரம் லாபம். இதே ஏ.டி.என்.னுக்கு ஒரு வருடம் காத்திருக்க நேர்ந்தால் 25 ஆயிரம் போய், தனியார் வழி 14 ஆயிரம் மேலாகிவிடும். இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அறுபதாயிரம் கடன் வாங்கிப் படித்து முதல் செமஸ்டரிலேயே தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நர்சிங் பாடம் முழுவதையும் பதினாறு மாதத்தில் திணிக்கிறார்கள், சிறு பிள்ளைகள் உள்ளவருக்கு அது கடுமை. கடனும் தோல்வியும் ஒன்றாக வந்தால் எந்தக் கணக்கும் தாங்காது. அரசுப் பல்கலைக்கழகத்தில் துரித பி.எஸ்.என். இடம் கிடைத்தால் அது வேறு கதை, கட்டாயம் விண்ணப்பியுங்கள். அதற்கு முன் உங்கள் மூன்று வருட பி.எஸ்சி.யை மதிப்பீட்டுக்கு அனுப்பிவையுங்கள். இந்திய மூன்று வருடப் பட்டத்தை இங்கே சில கல்லூரிகள் முழுப் பட்டமாக ஏற்கும், சில ஏற்காது.

நல்ல செய்தி, டெக்சஸில் நிறைய காலேஜ்கள் வரிசை முறையில் இடம் கொடுப்பதில்லை, புள்ளி முறையில் கொடுக்கின்றன. அனாடமி-ஃபிசியாலஜி இரண்டு பகுதி, மைக்ரோபயாலஜி, இவற்றில் ஏ வாங்கி நுழைவுத் தேர்வில் நல்ல மார்க் எடுத்தால் காத்திருப்பே இருக்காது. பயோகெமிஸ்ட்ரி படித்த உங்களுக்கு இது கைக்கெட்டும் தூரம்தான். ஊரில் எடுத்த மார்க்கைக் கொண்டு இந்தப் பாடங்களைத் தள்ளுபடி செய்யப் பார்க்காதீர்கள். பல இடங்களில் அறிவியல் பாடங்களுக்கு ஐந்து, ஏழு வருடம் என்று காலாவதி உண்டு.

காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் என்க்லெக்ஸ் தேர்ச்சி விகிதத்தைக் கேட்கிறார்கள். டெக்சஸ் நர்சிங் போர்டு அதை வெளியிடுகிறது, முதல் முயற்சியில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் காலேஜைக் கேள்வி கேட்கும். அது மட்டும் போதாது. நாற்பது பேர் சேர்ந்து, பாதியில் பதினான்கு பேர் நின்று, மிச்சம் 26 பேரில் 25 பேர் தேறினால் காலேஜ் 96 சதவீதம் என்று பேனர் கட்டும். உங்களுக்கு அது நாற்பதில் இருபத்தைந்து, 62 சதவீதம். ஆகவே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். நர்சிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏசென் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பென்றால் அந்த எண்ணைப் பொதுவில் வைத்தாக வேண்டும், காலேஜ் வலைத்தளத்தில் நர்சிங் பக்கத்தில் இருக்கும்.

ஏன் இத்தனை பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? அறிவு குறைவால் அல்ல. தேர்ச்சிக்கு 75 அல்லது 78 மார்க் வேண்டும், 74.6 எடுத்தால் அதை 75 ஆக்கிப் போடமாட்டார்கள். இரண்டு பாடத்தில் தோற்றால் படிப்பிலிருந்தே விலக வேண்டும் என்பது பரவலான விதி. கேள்விகளும் நாம் படித்த விதத்தில் இருக்காது. மருந்தின் பெயரையோ என்சைமின் பெயரையோ கேட்கமாட்டார்கள். நான்கு நோயாளிகளைச் சொல்லி, யாரை முதலில் போய்ப் பார்ப்பாய் என்பார்கள். நான்கு விடையும் சரியாகவே தோன்றும். நம் ஊரில் மனப்பாடமாகப் படித்து முதல் மார்க் வாங்கியவர்கள் முதல் பரீட்சையில் 68 எடுத்துவிட்டு, அடுத்த வாரம் வார்டில் கண் வீங்க வந்து நிற்பதைப் பார்க்கிறேன். “பொட்டாசியம் 6.2 உள்ளவரா, வலி பத்துக்கு எட்டு என்று சொல்பவரா, யாரிடம் முதலில் போவாய்?” என்று கேட்டால் வலி என்பார்கள், பாவம் அவர் கூப்பிடுகிறாரே என்று. பொட்டாசியம் ஏறிப்போய், கூப்பிடாமல் படுத்திருப்பவரின் இதயத் துடிப்பு எந்த நேரமும் தடம் மாறலாம் என்பது பழகப் பழகத்தான் கைக்கு வரும். ஒன்றிரண்டு மாதத்தில் பிடித்துக்கொள்பவர்கள் நன்றாக வருகிறார்கள். ஆகவே முதல் செமஸ்டரில் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பி.எஸ்.என். இல்லாவிட்டால் மருத்துவமனையில் எடுக்கமாட்டார்களே என்று கேட்டிருந்தீர்கள். ஓரளவு உண்மை. பெரிய நகர மருத்துவமனைகள், குறிப்பாக நர்சிங் தரத்துக்காகத் தரப்படும் மேக்னட் அங்கீகாரம் உள்ளவை, பட்டம் உள்ளவரை விரும்பும், அல்லது ஏ.டி.என்.காரரிடம் சில வருடத்துக்குள் முடிப்பேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளும். இதற்குக் காரணம் இருக்கிறது. லிண்டா எய்க்கன் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பட்டம் பெற்ற நர்சுகள் பத்து சதவீதம் கூடும்போது அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு ஐந்து சதவீதம் குறைவதைக் கண்டார்கள். நியூயார்க் மாநிலம் 2017-ல் போட்ட சட்டப்படி, புதிதாக லைசென்ஸ் வாங்குபவர் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும். சம்பளத்தில் வித்தியாசம் மிகக் குறைவு, மணிக்கு ஒன்றிரண்டு டாலர், சில இடங்களில் அதுவும் இல்லை. வித்தியாசம் தெரிவது ஐ.சி.யூ., குழந்தைகள் மருத்துவமனை, மேலாளர் பதவி என்று நகரும்போது.

ஆகவே பி.எஸ்.என்.னை விட வேண்டாம், ஆனால் அதை உங்கள் காசில் முதலில் வாங்க வேண்டாம். பல மருத்துவமனைகள் ஊழியரின் படிப்புச் செலவைத் திருப்பித் தருகின்றன. வருடம் 5,250 டாலர் வரை அதற்கு வரியும் இல்லை. பத்தாயிரம் டாலர் ஆன்லைன் படிப்பை இரண்டு காலண்டர் வருடத்தில் பரப்பிப் படித்தால் உங்கள் கையிலிருந்து ஏறக்குறைய எதுவும் போகாது. டெக்சஸில் சில கம்யூனிட்டி காலேஜ்களே இப்போது ஆர்.என்.-டு-பி.எஸ்.என். நடத்துகின்றன, காலினும் அதில் ஒன்று. வேலைக்குச் சேரும்போது சைனிங் போனஸ் என்று பத்தாயிரத்தை நீட்டினால், எத்தனை வருடக் கட்டு, நடுவில் விலகினால் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பயிற்சிக் கட்டணம் என்ற பெயரில் பணம் திரும்பக் கேட்கும் ஒப்பந்தங்களும் உண்டு.

உதவித்தொகை விஷயம் சுருக்கமாக. ஃபெடரல் அரசின் உதவித்தொகையான பெல் கிராண்ட் ஏற்கெனவே பட்டம் உள்ளவருக்குக் கிடையாது, வெளிநாட்டுப் பட்டமும் அதில் சேரும். உங்கள் வீட்டு வருமானத்துக்கும் அது எட்டாது. வரியில் லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் உண்டு, கட்டிய கட்டணத்தில் 20 சதவீதம். கணவன்-மனைவி வருமானம் 1,60,000-க்குமேல் போனால் குறைந்துகொண்டே வந்து 1,80,000-ல் மறைந்துவிடும். நீங்கள் வேலையை விடும் வருடங்களில் வருமானம் இந்த வரம்புக்குக் கீழே வரும், அப்போது மறக்காமல் கேளுங்கள். பெரிய தொகை இல்லை, புத்தகச் செலவுக்கு ஆகும். கடன்? பதினோராயிரத்துக்குக் கடன் வேண்டாம். செமஸ்டருக்குச் செமஸ்டர் கட்டிவிடலாம்.

இதைப் படிக்கும் ஹெச்-4 விசாக்காரர்களுக்கு (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணையாக வந்தவர்களுக்கு) தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் படிக்கலாம், பல மாநிலங்களில் உள்ளூர்க் கட்டணமும் கிடைக்கும். ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலை செய்ய முடியாது. நர்ஸ் வேலைக்கு ஏ.டி.என்.னே போதும் என்பதால் சாதாரண வார்டு வேலைக்கு ஹெச்-1பி கிடைப்பது மிகக் கடினம். நர்சுகளுக்கு கிரீன் கார்டில் லேபர் சான்றிதழ் தேவையில்லை என்ற சலுகை இருந்தாலும், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்தப் பிரிவான இ.பி.-3 கிரீன் கார்டு வரிசை நீளம். கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போடும் மனு) அனுமதியாகி ஈ.ஏ.டி. கையில் இருந்தால் தொடங்குங்கள். இல்லாவிட்டால் முன்பாடங்களை மட்டும் முடித்து வைப்பதோடு நிறுத்தலாம், ஆனால் காலாவதியை மனதில் வையுங்கள். ஊரிலேயே பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ படித்தவர்களுக்கு இந்தப் படிப்பே தேவையில்லாமல் போகலாம். சான்றிதழ் மதிப்பீடு செய்து நேரே என்க்லெக்ஸ் எழுதும் வழியைத்தான் அவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

“கிளாஸுக்குப் போகாமலே டிப்ளமா” என்று யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் தொடாதீர்கள். 2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகள் 7,600-க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றது பிடிபட்டது. வாங்கியவர்களில் பலர் பல மாநிலங்களில் லைசென்ஸை இழந்தார்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. நாற்பது வயதில் வார்டில் புதியவராக நுழைகிறீர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று, நடந்து, நூறு கிலோ எடையுள்ளவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் வேலை இது. முதல் ஒன்றிரண்டு வருடம் நைட் ஷிஃப்ட்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு லீவு கேட்டு வாங்கலாம், கிறிஸ்துமஸுக்குக் கிடைக்காது. இது ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள, படிப்பில் சேருமுன் சி.என்.ஏ. (நர்ஸ் உதவியாளர்) பயிற்சி முடித்து ஒரு கோடை விடுமுறை மட்டும் மருத்துவமனையில் வேலை செய்து பாருங்கள். மலம் துடைப்பதும், வாந்தி பிடிப்பதும், இறந்தவரைக் கழுவித் துணி போர்த்துவதும் உங்களால் முடியுமா என்பது அந்தக் கோடையிலேயே தெரிந்துவிடும். முடியும் என்று தெரிந்தால், நுழைவு விண்ணப்பத்தில் அதற்குப் புள்ளி தரும் காலேஜ்களும் உண்டு.

அம்மாவை ஊரிலிருந்து அழைத்து உதவிக்கு வைத்துக்கொள்ளும் யோசனை நல்லதுதான். விசிட்டர் விசாவில் வழக்கமாக ஆறு மாதம் இருக்க அனுமதிப்பார்கள், உங்கள் படிப்போ நான்கு செமஸ்டர். முதல் செமஸ்டரில் கிளினிக்கல் பெரும்பாலும் வாரம் ஒரு நாள்தான், கணவரும் நீங்களும் சமாளிப்பீர்கள். படிப்புத் திட்டத்தை எடுத்து, மெடிக்கல்-சர்ஜிக்கல் பாடமும் வாரம் இரண்டு நாள் கிளினிக்கலும் சேர்ந்து வரும் செமஸ்டர் எது என்று பாருங்கள். அம்மாவின் டிக்கெட்டை அந்த ஆறு மாதத்துக்குப் போடுங்கள்.